நாற்பத்தெட்டு மணி நேரம்

சித்திரை பிறந்த மூன்றாம் நாள்
கழுத்தைச் சுற்றி அரிக்கத் தொடங்கியது.
வேர்க்குரு என்று பவுடர் கொட்டினேன்.
தண்டையார்பேட்டை ரேஷன் கடையில்
துவரம்பருப்பு நிறுக்க நிறுக்கத்
தோளை உயர்த்திக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டேன்.
சங்கிலி போகிற வழியெல்லாம் சிவப்பு,
பொடிப் பொடியாய் நீர்க்கொப்புளம்,
யாரோ அளவெடுத்து வரைந்த மாதிரி.

வரிசையில் நின்ற பொம்மியக்கா சொன்னாள்:
"கண்ணுபட்டிருக்கு, சுத்திப் போடு."
போட்டேன். மிளகாய் வீடு முழுக்கக் கமறியது.
ஆக, கண் இல்லை.

ஸ்டான்லியில் தோல் பிரிவு.
முதுகில் வரிசையாக வட்டங்கள் ஒட்டினார்கள்.
ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டுச் சந்தேகம்:
சிமென்ட்டில் இருப்பது, தலைச்சாயத்தில் இருப்பது,
ரப்பர், வாசனைத் திரவியம், நிக்கல்.
"ரெண்டு நாள் முதுகு நனையக் கூடாது"
என்றாள் பயிற்சி டாக்டர் ஃபஹ்மிதா.
அக்னி நட்சத்திரத்தில்,
இந்த ஊரில்.
குப்புறப் படுத்தேன்.
கரண்ட் போன நேரமெல்லாம் தணிகாசலம்
காலண்டர் அட்டையால் விசிறினான்,
கை மாற்றிக் கை மாற்றி.

புதன்கிழமை பிரித்தார்கள்.
ஒரே ஒரு வட்டம் தடித்திருந்தது.
"நிக்கல். கவரிங் போடுறீங்களா?"
"தாலிச் செயின்மா. தங்கம். நாலரை சவரன்."
என் கழுத்தைப் பார்த்தாள், பிறகு என்னை,
பிறகு சீட்டு எழுதுவதில் அவசரப்பட்டாள்.

எழுதியபடியே சொன்னாள்:
வேர்வையில் உலோகம் கரையும்.
தோலுக்குள் காவல் நிற்கும் செல் ஒன்று
அதைத் தூக்கிப்போய் நிணநீர் முடிச்சில் காட்டும்.
அங்கிருக்கும் படை முகத்தைப் படித்து வைத்துக்கொள்ளும்.
மறுபடி வந்தால் உடனே பாயாது.
ரெண்டு நாள் எடுத்துக்கொள்ளும்.
"முன்னே எப்பவாவது?"
பதினாறு வயதில், எம்.சி. ரோட்டில் வாங்கிய ஜிமிக்கி.
காது புண்ணாகி நீர் வடிந்தது.
நான் மறந்து இருபத்திரண்டு வருஷம்.

"விஷமாம்மா அது?"
"இல்லக்கா. பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் பண்ணாது.
உங்க உடம்புதான்
கொஞ்சம் அதிகமா சண்டை போடுது."

பஸ்ஸில் மின்ட் தாண்டும்போதுதான்
தை மாதம் ஞாபகம் வந்தது.
பித்தப்பை ஆபரேஷன். நர்ஸ் கழற்றச் சொன்னாள்.
கைக்குட்டையில் முடிந்து அவனிடம் கொடுத்தேன்.
ஐந்தாம் நாள் அவனே மாட்டிவிட்டான்,
கொக்கி விழாமல் வெகுநேரம் திணறி.
"காப்பீட்டு அட்டையே எல்லாம் கட்டிடுச்சு" என்றான்.
பத்து கிராம் குறைந்தாலும் சண்டைக்கு வருகிற ஜனங்களுக்கு
நாளெல்லாம் எடை போடுகிறவள் நான்.
முலாம் தேய நாலு மாதம் ஆகியிருக்கிறது.

அடகுச் சீட்டைத் தேடவில்லை.
அரிசி டிரம், எல்.ஐ.சி. கவர்,
ஒளிக்க இந்த வீட்டில் இரண்டே இடம்.

அன்றைக்கு ஒன்றும் தோன்றவில்லை.
மறுநாளும் இல்லை.
வெள்ளிக்கிழமை ராத்திரி
ரசத்தில் உப்பு கம்மி என்றான்,
தட்டைப் பிடுங்கித் தொட்டியில் போட்டேன்.
பேந்தப் பேந்த விழித்தான்.
விசிறிய கையில்
ரசம் வடிந்துகொண்டிருந்தது.

கயிற்றுக்கு மாறிவிடலாம்.
மாறினால் அவன் கேட்பான்.
கேட்டால் நான் சொல்ல வேண்டும்,
பிறகு அவன் சொல்ல வேண்டும்.

களிம்போடு, ஃபஹ்மிதா தயங்கித் தயங்கிச் சொன்ன
இன்னொன்றையும் வாங்கி வந்தேன்:
நிறமில்லாத நகப்பாலிஷ், முப்பது ரூபாய்.
அவன் தூங்கிய பின் பேப்பரில் சங்கிலியைக் கிடத்திக்
கண்ணி கண்ணியாகப் பூசினேன்.
காய்ந்ததும் மாட்டிக்கொண்டேன்.
எனக்கும் கொக்கி சட்டென்று விழவில்லை.

விடிந்தால் எப்படியும் வேர்க்கும்.